பின்பலகையில் ஒரு பெயர்

என் எழுத்து வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்ததை, வேலையில் நான் தேறிக்கொண்டு வருகிறேன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது ஒரு நோய். இப்போது அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் உண்டு. காலை, மதியம், மாலை என்று மாத்திரை உண்டு. வலது கையில் தொடங்கியிருக்கிறது. எங்கே போய் முடியும் என்று கேட்டால் எல்லோரும் வேறு எதையாவது பேசுகிறார்கள். நோயைத் திறமை என்று எண்ணி இறுமாந்திருக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்த்துவிடாது. அதற்கு மாதிரிக் கப்பல் கட்டுகிறவனாக இருக்க வேண்டும்.

பாய்மரக் கப்பல். மூன்று மரம், பதினைந்துக்கு மேல் பாய், கணக்கில் அடங்காத கயிறு. பூவரசங்கட்டையை மெல்லிய பட்டைகளாகச் சீவி, வெந்நீரில் ஊறப்போட்டு வளைத்து, விலா எலும்பு மாதிரி நிற்கும் சட்டங்களின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போவேன். பாய்க்கு என் பழைய வேட்டி. டீத்தண்ணீரில் முக்கிக் காயப்போட்டால் நூறு வருடம் உப்புக்காற்று தின்ற நிறம் வந்துவிடும். கயிற்றுக்குத் தையல் நூலை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொள்வேன். அடியில் கனம் வைக்க ஈயக்குண்டு வாங்க, மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டுக்குப் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் என் கைபேசியில் கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, எஞ்சினை எங்க வைப்பீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கடல் தெரிந்தவர்களிடம் நான் படம் காட்டுவதில்லை.

"ஆபீஸ்லயும் எதுவும் நகரறதில்ல, வீட்டுலயும் நகராத வண்டியாத்தான் செய்யறீங்க" என்பது என் மனைவியின் கருத்து. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பவனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவளைச் சமாதானப்படுத்தவே முதல் கப்பலின் பின்பலகையில் அவள் பெயரை எழுதினேன். நம் கரையில் படகுக்குப் பெண்டாட்டி பெயரோ பேத்தி பெயரோ எழுதுவது வழக்கம்தானே. பின்பலகை என்பது கப்பலின் முதுகுப்புறம் தட்டையாக முடியும் இடம். என் கப்பல்களில் கட்டைவிரல் அகலம்தான் வரும். அதில் ஒற்றை முடித் தூரிகையால் மஞ்சள் வண்ணத்தில் எழுத வேண்டும். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகச் செய்வது அது. பெயர் எழுதாத கப்பல் கட்டி முடிந்த கப்பல் ஆகாது. இது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி.

முதல் கப்பலில் எழுத்து கோணலாக, பலகையை நிரப்பிக்கொண்டு, சுவர் விளம்பரம் மாதிரி வந்தது. அவள் அதைத்தான் இன்றைக்கும் நல்ல கப்பல் என்பாள். இரண்டாவதில் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவதில் எழுத்து நறுக்கென்று சின்னதாக விழுந்தது. நான்காவதில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால்தான் படிக்க முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை இவ்வளவு சின்னதாக எழுதும்போது கப்பல் மட்டும் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கப்பலையும் முந்தையதைவிடச் சிறியதாகக் கட்டிக்கொண்டு போனேன். பின்பலகையும் அந்தக் கணக்கில் குறைந்துகொண்டே போயிற்று.

"எம்பேரை எறும்பு படிக்கறதுக்கா எழுதியிருக்கீங்க?" என்றாள் மனைவி, நான்காவது கப்பலைப் பார்த்து.

"கலை நுணுகினால் எறும்புக்குத்தான் முதலில் புரியும்."

"அப்ப அதுங்களையே சோறாக்கச் சொல்லுங்க."

இதே காலத்தில் வங்கியிலிருந்து என் காசோலை ஒன்று திரும்பி வந்தது. கையெழுத்து பொருந்தவில்லையாம். நேரில் போனேன். அங்கிருந்த பெண் கணினியில் என் பழைய கையெழுத்தைக் காட்டினாள். ஆற்றுப்பாலம் மாதிரி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீண்டு கிடந்தது. காசோலையில் இருந்ததோ, யாரோ பேனாவை வைத்துவிட்டு மனம் மாறி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. "சார், கொஞ்சம் பெருசா போடுங்க சார்" என்றாள். போட்டேன். முதல் எழுத்து பெரிதாக வந்தது. அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஒளிந்துகொண்டு போயின. "வயசானா அடக்கம் வந்துடுதும்மா" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு. முகத்தில் ஏதும் தெரிந்திருக்காது என்பது இப்போது தெரிகிறது.

முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவிழாப் பட்டிமன்றங்களில் நான் பேசுவதுண்டு. மனைவியா, தாயா, கைபேசியா என்ற ரகம். நெடுங்காட்டுப் பக்கம் ஒரு கோயில் விழாவில் பேசி இறங்கியபோது விழாக் கமிட்டிப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது, நீங்க மட்டும் கல்லு மாதிரி நிக்கறீங்களே! எப்படிங்க இந்தக் கட்டுப்பாடு?" என்றார். சிரிக்காமல் சிரிக்கவைப்பது உயர்ந்த கலை என்று படித்திருக்கிறேன். அது எனக்கு முயற்சி இல்லாமல் வந்துவிட்டதில் எனக்கே கொஞ்சம் வியப்பு இருந்தது. முயற்சி இல்லாமல் வருவதைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை.

வார்னிஷ் விஷயமும் அப்படித்தான். புதிதாக வாங்கிய வார்னிஷில் வாசனையே இல்லை, நல்ல சரக்கு என்று நானே கடைக்காரரைப் பாராட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, நாறித் தொலையுது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"இதில் வாசனையே கிடையாது."

"அந்தக் கருவாட்டுக்கடை வழியாத்தானே தெனம் நடந்து வர்றீங்க. அங்கயாவது ஏதாச்சும் தெரியுதா?"

யோசித்துப் பார்த்தேன். கருவாட்டுக்கடையைக் கடைசியாக எப்போது முகர்ந்தேன் என்று நினைவுக்கு வரவில்லை. ஊர் சுத்தமாகிவிட்டது என்று ஒருவேளை எண்ணியிருப்பேன்.

இத்தனை எச்சரிக்கைக்குமா ஒரு மனிதன் அசையாமல் இருப்பான் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் காரைக்கால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் ஏற்றினால் நாங்கள் டீ குடிப்போம். மூன்றாம் எண்ணுக்குத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்போம். அதற்கு மேல் ஏற்றும்போது மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போவோம், கடை மூடியிருக்கும். நான் அந்த ஊர்க்காரன்.

கையைப் பற்றி முதலில் வாய் திறந்தவர் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பிரான்ஸில். இவர் மட்டும் ஊரோடு இருந்துகொண்டு மாதாமாதம் அங்கிருந்து வரும் பென்ஷனில் வாழ்கிறார். எனக்கு முன்பிருந்தே கப்பல் கட்டுகிறவர். ஆனால் அவர் கட்டுவது மகன் அனுப்பும் பெட்டிக் கப்பல். பாகங்களெல்லாம் வெட்டி, எண் போட்டு, படத்தோடு வரும். நான் சட்டம் முதல் கொடிக்கம்பம் வரை என் கையால் செதுக்குகிறவன். இந்த ஒரு வேற்றுமையில்தான் எங்கள் சிநேகம் உறுதியாக நின்றது.

"மொசியே, நீங்க கப்பல் கட்டலைங்க. ஒட்டுறீங்க" என்பேன், பிரெஞ்சு மரியாதை குறையாமல்.

"ஒட்டினாலும் என் கப்பல் நேரா நிக்குதுல்ல? உன்னுது அரசலாத்துச் சேத்துல மாட்டின மாதிரி ஒரு பக்கமா சாஞ்சுகிட்டு நிக்குது. வேட்டியைக் கிழிச்சுப் பாய் கட்டினா அப்புடித்தான்."

"கடல்ல போற கப்பல் சாயத்தாங்க செய்யும்."

"உன்னுது எங்க கடல்ல போவுது? ஐஸ்பெட்டி மேலதானே நிக்குது!"

இப்படி மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்தபடி ஒருவர் கப்பலை ஒருவர் மூழ்கடித்துக்கொண்டிருப்போம். வடகிழக்குப் பருவம் தொடங்கும் நாட்கள். கடல் கறுத்து, மணலை அறுத்து அறுத்து எடுத்துக்கொண்டிருந்தது. ஆற்றுமுகத்துவாரத்தில் நீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே புரண்டது. அவர் செருப்பில் புகுந்த மணலைத் தட்ட நின்றார். நான் கவனிக்காமல் முன்னால் நடந்துவிட்டேன். பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"தம்பி! உன் வலது கையை யாரு கட்டி வச்சிருக்கா?"

திரும்பினேன்.

"நட. நின்னுடாத, நட. இடது கை முன்ன பின்ன வருது. வலது கை தொங்குது. கடையில மாட்டின கறி மாதிரி தொங்குது. வீசு பாப்போம். கோஷ், துருவா, கோஷ், துருவா!" இடம், வலம் என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் குரல் கொடுத்தார்.

வீசினேன். நினைத்து வீசும்போது வந்தது. அலையைப் பார்த்ததும் மறந்தேன், கை நின்றுவிட்டது.

"எங்களை டிரில் வாங்குற கப்பொரால் பாத்திருந்தான்னா உன்னை மைதானத்தை ராத்திரி வரைக்கும் சுத்த வுட்டிருப்பான்" என்றார். சிரித்தபடியே சொல்ல ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது அதில் சிரிப்பு இல்லை. என் அருகில் வந்து வலது கையைப் பிடித்து, முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பட்டாளத்தில் துப்பாக்கியின் பூட்டைச் சோதித்துப் பழகிய விரல்கள். இடையிடையே எதுவோ தட்டியது போல அவர் விரல் நின்றது. பிறகு கையை விட்டுவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. குளிரு. வா, போவலாம்."

எங்கள் ஊரில் குளிராவது!

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். அடுக்களைப் பக்கம் மனைவியிடம் ஏதோ கேட்டார். பிறகு என் மேசைக்கு வந்து, பாதி கட்டியிருந்த ஐந்தாவது கப்பலைக் குனிந்து பார்த்தார். கயிறு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடுகளவு மரக்குண்டில் மூன்று துளை போட்டு, அதில் நூலைக் கோத்து முடிச்சிடுவது. நான் கட்டிய கப்பலில் அவர் கண்ட முதல் குறை எது என்று இன்றுகூட என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு அவர் சொன்னது: "நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

இத்தனை வருடத்தில் அவர் வாயால் நான் கேட்காத சொற்கள். போகும்போது வாசலில் நின்று மனைவியிடம், தன் அண்ணனைப் பற்றிப் பேசினாராம். அண்ணன் பிரான்ஸில் இருந்தவர், இப்போது இல்லை. "அவருக்கும் கைதான் மொதல்ல. டாக்டர்கிட்ட காட்டிடும்மா" என்றாராம். இதை அவள் அப்போது என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் என்னைப் பார்க்கத் தொடங்கினாள். சாப்பிடும்போது பார்த்தாள். சட்டைப் பொத்தான் போடும்போது கதவோரம் நின்று பார்த்தாள். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது திரையைப் பார்க்காமல் என் மடியைப் பார்த்தாள்.

மடியில் என் வலது கை கிடந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று மெல்ல உரசி உருண்டுகொண்டிருந்தன.

"கயிறு திரிக்கிறீங்களா?" என்றாள்.

பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது. நூலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து முறுக்கினால் கப்பல் கயிறு கிடைக்கும். ஆயிரம் முறை செய்த காரியம். விரல்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. நூல்தான் இல்லை.

"பழக்கதோஷம்" என்றேன்.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். நின்றது. செய்தியில் வானிலைக்காரர் வங்கக்கடலில் புதிய காற்றழுத்தம் பற்றிச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது விரல்கள் என்னைக் கேட்காமல் மறுபடி திரிக்கத் தொடங்கியிருந்தன. நாங்கள் இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி.

விசித்திரம் என்னவென்றால், மேசைக்குப் போய் இடுக்கியை எடுத்து முடிச்சுப் போட்டால் கை நடுங்குவதில்லை. சும்மா இருந்தால்தான் திரிக்கும். வேலை கொடுத்தால் அடங்கிவிடும். இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கைக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஓய்வு கொடுக்கக் கூடாது. அலுவலகம் விட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். முன்பு ஒரு மாலையில் ஒரு பாய்மரத்துக்குக் கயிறு கட்டி முடிப்பேன். இப்போது அதே வேலை வாரக்கணக்கில் இழுத்தது. அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தேன். நல்ல இடுக்கி வாங்கினேன். சரியில்லை. வெளிநாட்டு நூல் வரவழைத்தேன். அதுவும் சரியில்லை. விளக்கை மாற்றினேன். நாற்காலியின் காலை அறுத்து உயரம் குறைத்தேன். கப்பல் கட்டுகிற எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். உலகத்தில் எது கெட்டாலும் கருவியில்தான் கோளாறு.

கடைசியில் அவள் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நாளைக்குப் புதுச்சேரி. சட்டை தேய்ச்சு வச்சிருக்கேன்."

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போவதென்றால், எங்கள் அரசாங்கத்திலிருந்து எங்கள் அரசாங்கத்துக்குப் போக நடுவில் இன்னொரு அரசாங்கத்தைத் தாண்ட வேண்டும். எல்லையில் பூவம் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் மாறும், சாலையின் நிறம் மாறும். பேருந்தில் மனைவி என் வலப்பக்கம் உட்கார்ந்து, திரித்துக்கொண்டிருந்த கையைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். திருமணமான புதிதில்கூட அவள் பேருந்தில் என் கையைப் பிடித்ததில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துப் பார்வையை மாற்றிக்கொண்டார்.

மருத்துவர் எங்கள் மகள் வயதுப் பெண். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலைந்து முறை தட்டிவிட்டுச் சுருங்கிச் சோர்ந்தது. தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, ஏதாவது ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்.

"நான் நலமாக இருக்கிறேன்" என்று எழுதினேன். மேடையில் நையாண்டி பேசியே பழகியவனுக்கு வேறென்ன தோன்றும்? ஐந்தாறு வரி எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வரி பார்க்கும்படி இருந்தது. கீழே வர வர எழுத்து குன்றி, கடைசி வரி தூசி படிந்த கோடு மாதிரி ஆகிவிட்டிருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த நேரத்திலும் எனக்குள் ஒருவன் அதைப் பார்த்து, அடடா, எவ்வளவு நுணுக்கம் என்று மகிழ்ந்தான்.

"எழுத்து எப்பலேர்ந்து சார் இப்படிச் சின்னதாச்சு?" என்றார் மருத்துவர்.

"அது பயிற்சிம்மா. நான் மாதிரிக் கப்பல் கட்டுகிறவன். பின்பலகையில் பெயர் எழுதி எழுதி..."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "வாசனை தெரியுதா?"

"தெரியலைங்க மேடம்" என்றாள் மனைவி. "வார்னிஷு, கருவாடு, எதுவும். ரெண்டு மூணு வருஷமாவே."

"முகத்துல சிரிப்பு குறைஞ்சிருக்கா?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பட்டிமன்றத்தில் கல் மாதிரி நிற்கும் என் பெருமையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அவள் கண்ணில் நீர் திரண்டது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளையில் ஒரு பகுதி தேய்கிறது. கைக்கு, காலுக்கு, முகத்துக்குப் போக வேண்டிய ஆணைகள் தாமதமாகப் போகின்றன, குறைவாகப் போகின்றன. தலைமைச் செயலகம் ஒரு ஊரில், வேலை நடக்க வேண்டியது இன்னொரு ஊரில். கோப்பு நடுவழியில் சிக்கிக்கொள்கிறது. இதை மட்டும் எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. முப்பது வருடமாகக் காரைக்காலில் உட்கார்ந்து புதுச்சேரியின் ஆணைக்குக் காத்திருப்பவன் நான்.

"குணமாகுமா?"

"கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம் சார். மாத்திரையை நேரம் தவறாம போடணும். அதுதான் முக்கியம்." பிறகு, எழுந்து நிற்கும்போது சொன்னார்: "கப்பல் கட்டுறதை விட்டுடாதீங்க. கைக்கு நல்லது. எவ்வளவு நாள் முடியுதோ செய்யுங்க."

எவ்வளவு நாள் முடியுதோ. திரும்பும்போது மொத்த வழியிலும் அந்தச் சொற்களைத்தான் நான் திரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான்கு கப்பல்களையும் இறக்கி, முதுகைக் காட்டி மேசையில் வரிசையாக நிறுத்தினேன். அவற்றை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. யாரும் கப்பலின் முகத்தைத்தானே பார்ப்பார்கள். நான்கு பலகைகளிலும் ஒரே பெயர். முதலாவதில் முழுக்குரலில் கூப்பிட்ட மாதிரி. இரண்டாவதில் அடுத்த அறையிலிருந்து. மூன்றாவதில் தெருமுனையிலிருந்து. நான்காவதில் ஒரு மஞ்சள் கீறல். நோய் எனக்குள் எந்த வருடம் வந்தது, எவ்வளவு வேகத்தில் நடந்தது என்று எந்த மருத்துவரிடமும் இல்லாத சான்று எங்கள் ஐஸ்பெட்டியின் தலையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அவர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

மனைவியும் வந்து பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, நான்காவதின் முன் நின்றாள். பிறகு நான்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, முகம் எங்களைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டாள்.

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மருந்துக்குத் துரோகம். சில வாரங்களில் கை நடக்கும்போது வீசத் தொடங்கியது. எதிர்வீட்டுக்காரர் பின்னால் வந்து, "கோஷ், துருவா! ஆங், இப்ப பாரு" என்று தட்டிக்கொடுத்தார். திட்ட மட்டும் மாட்டேன் என்கிறார். என் கப்பல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஐந்தாவது கப்பலின் கயிறெல்லாம் கட்டி முடித்தேன். பாயெல்லாம் ஏற்றினேன். மிச்சம் பெயர் ஒன்றுதான். இந்தக் கப்பலில் பெயரை எழுதிவிட்டால் இன்னொன்றைத் தொடங்குவேனா என்று எனக்குத் தெரியாது. கை எதுவரை என்னுடையது என்பதும் தெரியாது. அதனால்தான் இந்தப் பெயரை எழுதியே தீர வேண்டும் என்று இருந்தது.

காலை மாத்திரை போட்டு, கை இளகியதும் உட்கார்ந்தேன். தூரிகையைத் தொட்டு ஒரு தாளில் பழகிப் பார்த்தேன். எழுத்து பெரிதாக வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், வருடக்கணக்காகத் தொலைந்திருந்த என் எழுத்து! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பின்பலகையைப் பார்த்தேன்.

அது மிளகாய் விதை அகலம் என்றால் மிகை, ஆனால் அதிகம் மிகையில்லை. நோய் எழுதும் அளவுக்கு நான் வெட்டிச் செதுக்கிய பலகை. என் எழுத்தில் இரண்டுகூட அதில் அடங்காது. சின்னதாக எழுதிப் பார்த்தேன். நாலைந்து நாள் பார்த்தேன். மருந்துக்குள் இருக்கும் கைக்கு அது வரவில்லை.

எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "பலகையைப் பேத்துட்டுப் பெருசா ஒண்ணு வை."

"பேத்தா பின்பக்கமே கையோட வந்துடுங்க."

"அப்ப பேரு எழுதாத. எந்த மீன் வந்து கேக்கப்போவுது?"

மனைவி, "பேரு பலகைக்கு வெளிய போனா போவட்டும். எம்பேருதானே, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

நான் செய்ய நினைத்ததை அவளிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. காலை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டும். ஒரே ஒரு காலை. முந்தைய மாலை மாத்திரையின் பலம் வடிந்து, கை பழையபடி ஆகும்வரை காத்திருந்தால், எழுத்து தானாகச் சிறுக்கும்.

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"அது இல்லை. வேறு நோய்."

"வெளையாடாதீங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? நேரம் தவறக்கூடாதுன்னு சொல்லுச்சா இல்லியா?"

"ஒரே ஒரு தடவை."

அவள் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரே தடவைதான். முடிச்ச உடனே போட்டுக்கணும்" என்றாள்.

அந்தக் காலையில் மழை வரும்போல் வந்து வராமல் நின்றது. அவள் மாத்திரையைத் தட்டில் வைத்து, தம்ளரில் தண்ணீர் மொண்டு மூடி, வண்ணம் தெறித்துவிடக் கூடாதென்று என் கைக்கு எட்டாத இடத்தில் சன்னல் மேடையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குத் துணி அலசப் போனாள். நான் தூரிகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கப்பல் முதுகைக் காட்டி நின்றது. மாத்திரை போட்டு விடாமல் விரட்டிக்கொண்டிருந்த ஒன்றுக்கு நானே கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தோளில் வந்தது. யாரோ பின்னாலிருந்து ஈரத் துண்டைப் போட்ட மாதிரி கனம். பிறகு முழங்கை. பிறகு விரல்கள் தூரிகையின் காம்பைத் திரிக்கத் தொடங்கின. சொன்ன நேரத்துக்கு வரும் ஆள்.

தூரிகையைப் பலகையில் வைத்ததும் நடுக்கம் நின்றது. முதல் எழுத்து அழகாக விழுந்தது. இவ்வளவு அழகாக நான் என் திறமையால் எழுதியதில்லை. இரண்டாவது அதில் முக்கால். மூன்றாவது பாதி. எழுத்துகள் பலகைக்குள் கச்சிதமாக அடங்கிக்கொண்டு, ஒன்றைவிட ஒன்று சிறியதாக, விளிம்பை நோக்கிப் போயின. கடைசி எழுத்தை எழுதினேனா, தூரிகை தானாகத் தொட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் முடிந்திருந்தது. கப்பல் முடிந்திருந்தது.

தூரிகையை வைக்க விரல்களைத் திறக்கப் பார்த்தேன். உடனே திறக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன்; கால் ஆணைக்குக் காத்திருந்தது. சன்னல் மேடையில் மாத்திரை இருந்தது. பின்கட்டில் துணி அடிக்கும் சத்தம். மதில் வழியாகப் பக்கத்து வீட்டாரிடம் அவள் ஏதோ பேசுவது கேட்டது. மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி, பலகையில் எழுதிய அதே பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.

குரல் வந்தது. ஆனால் மேசையைத் தாண்டவில்லை. பட்டிமன்ற மேடைகளில் ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் கடைசி வரிசைவரை கேட்ட குரல். அது எப்போதிருந்து இப்படி என்று எண்ணிப் பார்த்தேன். கொஞ்ச நாளாக அவள் எல்லாவற்றுக்கும், "என்ன? என்ன சொன்னீங்க?" என்று இரண்டு முறை கேட்பதும், அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று நான் எதிர்வீட்டுக்காரரிடம் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தன.

துணி அடிக்கும் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றதும் மறுபடி கூப்பிட்டேன்.